இடுப்பில் துப்பாக்கி, வாசலில் கூச்சல்: கத்தியது எது?

கேள்வி, 2023 அக்டோபர் 14

டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. பேன்ட்டுக்கு உள்பக்கம் செருகும் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, அதில் சின்ன கிளாக் 43 கைத்துப்பாக்கி. இதுவரை மூன்று தடவை துணிக்கடை வாசலில் திருட்டு அலாரம் கத்திவிட்டது. மூன்று தடவையும் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாளில் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஹார்டுவேர் கடைக்குத் துப்பாக்கியோடு போனாலும் ஒன்றும் ஆவதில்லை. இரும்பைக் கண்டுபிடிக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பாதி பிளாஸ்டிக்கான துப்பாக்கிக்கே இப்படி என்றால் முழு இரும்பு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில், 2023 அக்டோபர் 14, இரவு

இரும்பு இல்லை. வாசலில் இரண்டு தூணாக நிற்கும் அந்தக் கேட் இரும்பைத் தேடுவதே இல்லை. தேடினால் கார் சாவி, பெல்ட் பக்கிள், குழந்தை உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரோலர், கடையின் சொந்தத் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் கத்தும். மதியத்துக்குள் ஊழியர்களே ஒயரைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

துப்பாக்கி வைக்கும் நாளில் மட்டும் உங்கள் உடம்பில் வேறு என்ன ஏறுகிறது? ஹோல்ஸ்டர். அதற்கென்று வாங்கிய தடித்த பெல்ட். இரண்டில் ஒன்றில், அந்தக் கேட் தேடும் டேக், அதாவது பொருளோடு சேர்த்து வைக்கும் திருட்டுத் தடுப்பு வில்லை, இருக்கிறது. பெரிய கடைகளில் விற்கும் நைலான் ஹோல்ஸ்டர் என்றால் நான் பந்தயமே கட்டுவேன். ஃபோம் உறைக்குள் தடவிப் பாருங்கள்.

2023 அக்டோபர் 15

காலையில் காபியோடு மறுபடி படித்தேன். நேற்று எழுதியது ஏதோ அதட்டல் மாதிரி இருக்கிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 58 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வது. அதன் டேக் சூயிங்கம் துண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே மெல்லிய உலோகப் பட்டை ஒன்று, பக்கத்தில் லேசான காந்தப் பட்டை ஒன்று. கேட் ஒரு நொடிக்குப் பல பத்து தடவை சின்னச் சின்னத் துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு நொடி. அது நின்றதும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும். வெண்கல மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் ரீங்காரம் இருக்குமே, அப்படி அந்தப் பட்டை மட்டும் அதே 58-இல் அதிர்ந்துகொண்டிருக்கும். கேட் கேட்பது அந்த ரீங்காரத்தைத்தான். துப்பாக்கியின் இரும்பு கருகிய தோசைக்கல் மாதிரி. அடித்தால் டொக், அவ்வளவுதான்.

இன்னொன்று 8.2 மெகாஹெர்ட்ஸ். ஒட்டிக்கொண்டு வரும் சதுர ஸ்டிக்கரைக் கிழித்தால் அலுமினியத்தில் சுருள் கோலம் தெரியும். சுருளும், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் ஒரு கண்டன்சரும் சேர்ந்த சின்ன ரேடியோ. கேட் ஏறக்குறைய 7.4-லிருந்து 8.8 வரை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கர் எங்கே சக்தியை உறிஞ்சுகிறதோ அங்கே பிடித்துக்கொள்ளும்.

ஒரு வகை டேக் இன்னொரு வகை கேட்டுக்குக் கண்ணிலேயே படாது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2023 அக்டோபர் 15, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தம். "இரும்பைத் தேடுவதே இல்லை" என்று அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். புதிய கேட்களில் சிலவற்றுக்கு உலோகத்தாள் ஒட்டிய பைகளையும் பலமான காந்தங்களையும் கண்டுகொள்ளும் கூடுதல் கண் உண்டு. அது தேடுவது பெரிய பரப்பை. உள்ளங்கை அளவு துப்பாக்கி அதற்குப் பொருட்டில்லை. அந்தச் செய்தியும் பெரும்பாலும் ஊழியருக்குத்தான் சத்தமில்லாமல் போகும், வாசல் அலறாது.

2023 அக்டோபர் 17

ஹோல்ஸ்டர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த அனுபவம்.

2019. டாலஸ் வடக்கில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். பெயின்ட் பிரஷ் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், இரண்டு பக்கத் தூணும் சிவப்பாகி அலறுகிறது. என் கை என்ன செய்தது தெரியுமா? நேராக இடுப்புக்குப் போனது. துப்பாக்கி இருக்கிறதா, சட்டை மூடியிருக்கிறதா என்று பார்க்க. பின்னால் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை. ஆனால் நான் என்னைக் கவனித்துவிட்டேன். உள்ளுக்குள் வியர்த்துக் கொட்டியது. கவுண்டரில் இருந்த பையன் தலையைக்கூடத் தூக்காமல் "போங்க போங்க" என்று கையை ஆட்டினான்.

இன்னும் இரண்டு கடையில் இப்படி ஆன பிறகு ஹோல்ஸ்டரைப் பிரித்தேன். ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில் அந்த வெள்ளைக் கூடு. கடை ஒட்டியதல்ல, தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துப் போட்டேன். அதோடு நின்றது.

ஒன்று மட்டும் இன்றுவரை புரியவில்லை. ஹோல்ஸ்டர் வாங்கிய முதல் இரண்டு மாதம் எந்தக் கடையிலும் சத்தமில்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது.

2023 அக்டோபர் 21

கேள்வி கேட்டவர் சோதனை செய்து பார்த்துவிட்டார். ஹோல்ஸ்டர் கைடெக்ஸ், அதாவது ஒரே பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வளைத்தது, ஒளித்து வைக்க இடமே இல்லை. பெல்ட்டையும் வளைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தாராம். ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் செய்ததுதான் என்னை மாட்டிவிட்டது. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, காலி ஹோல்ஸ்டரும் பெல்ட்டும் மட்டும் போட்டுக்கொண்டு அதே துணிக்கடைக்குப் போயிருக்கிறார். அமைதி. மறுநாள் துப்பாக்கியோடு போயிருக்கிறார். அலறல்.

"இப்போது சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். பந்தயம் கட்டியவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 அக்டோபர் 22

ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யோசித்தது. துப்பாக்கிக்குள் குண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் இருப்பது சுருள் ஸ்பிரிங். சுருள் என்றால் காயில். துணிக்கடை கேட் 8.2 வகையாக இருந்தால், அது தேடுவதும் ஒரு காயிலைத்தானே?

காலையில் குளிக்கும்போது எதிர்வாதமும் வந்தது. ஸ்டிக்கரில் இருப்பது அளந்து வெட்டிய அலுமினியச் சுருளும் சேர்ந்த கண்டன்சரும். ஸ்பிரிங் எஃகு. அந்த அதிர்வெண்ணில் வந்த சக்தியையெல்லாம் வெப்பமாகத் தின்றுவிடும், கூர்மையாக ஒலிக்காது. தவிர அது இன்னொரு இரும்புப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. வெளியே யாருக்குத் தெரியும்?

ஆனால் எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருட்டி எடுத்துப் போனால் இந்தக் கேட்கள் கத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே "சாத்தியமே இல்லை" என்று இந்தத் தடவை எழுதமாட்டேன். சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். அடுத்தவர் கடையில் போய் விளையாடமாட்டேன். பிளேனோவில் துணிக்கடை வைத்திருக்கும் குஜராத்தி நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்கிறேன்.

2023 அக்டோபர் 29

நேற்று இரவு கடை மூடிய பிறகு போனோம். அவர் கேட் 8.2 தான். துப்பாக்கியை அவர் கண்முன்னே காலி செய்து, மேகசினில் ஒரு குண்டும் இல்லை என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்து, மேல்பாகமான ஸ்லைடைத் திறந்தபடி ஹோல்ஸ்டரில் வைத்தேன். முன்னால் வைத்து, பக்கவாட்டில் வைத்து, முதுகுப் பக்கம் வைத்து, தூணை உரசியபடி, மெதுவாக, வேகமாக. மேகசினை மட்டும் கையில் பிடித்து. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அதை மட்டும் ஆட்டி. அவருடைய ஐந்து குண்டு ரிவால்வரையும் அதேபோல. ஒரு முனகல்கூட இல்லை.

அப்புறம் அவர் பின்னறையிலிருந்து ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளை எடுத்து வந்தார். தூணுக்கு இரண்டடி முன்பே வீறிட்டது. இருவரும் சிரித்துச் சிரித்து, அவர் மனைவி என்னவோ ஏதோ என்று மாடியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு டோக்ளா கிடைத்தது, அது வேறு கதை.

ஆக, காரணம் துப்பாக்கி இல்லை. ஹோல்ஸ்டரும் இல்லை. துப்பாக்கி இருக்கும்போது மட்டும் அலாரம். விடை என்னிடம் இல்லை.

2023 நவம்பர் 3

ஹூஸ்டன் நண்பர் ஒருவர் வேறு எதையோ கேட்கப்போய் என் நான்கு வருடப் புதிரை அவிழ்த்துவிட்டார். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே துப்பாக்கியைப் பிடித்து வைக்கும் காந்தம் ஒட்டலாமா என்று கேட்டிருந்தார்.

காந்தம்! காசு கட்டியதும் 58 கிலோஹெர்ட்ஸ் டேக்கை கவுண்டரில் "கொல்வது" என்றால் உண்மையில் கொல்வதில்லை. உள்ளே இருக்கும் காந்தப் பட்டையின் காந்தத்தைப் போக்கிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மற்ற பட்டை சுருதி தவறிவிடும், கேட் கண்டுகொள்ளாது. மறுபடி பலமான காந்தத்தில் ஒட்டினால்? சுருதி திரும்பி வரும். 2019-இல் நான் படுக்கைக்குப் பக்கத்து மேசையின் அடியில் ஒரு காந்தம் திருகி, துப்பாக்கியை அந்த மெல்லிய நைலான் ஹோல்ஸ்டரோடு அதில் ஒட்டி வைத்திருந்தேன். வாங்கி இரண்டு மாதம் கழித்து! கவுண்டரில் தூங்க வைத்த டேக்கை நானே ஒவ்வொரு இரவும் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

(அந்தக் காந்தத்தை மனைவி கழற்றி எறிந்து, விரல் ரேகை வைக்கும் பெட்டி வாங்கி வைத்தார். பையன் நடக்க ஆரம்பித்திருந்தான். அவர் சொன்னதுதான் சரி. ஹூஸ்டன் நண்பருக்கும் என் பதில் அதுவே.)

8.2 ஸ்டிக்கருக்குக் காந்தக் கதை கிடையாது. அதை அணைப்பது கண்டன்சரின் நடுச்சவ்வைச் சுட்டு ஓட்டை போட்டு. ஆனால் துணியில் கசங்கி வளைந்தால் அந்த ஓட்டை சில சமயம் தானாக ஆறிவிடும். செத்தது எழுந்து உட்காரும்.

2023 நவம்பர் 4

நூலகம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய நூலகக் கேட்கள் மூன்றாம் சாதி. புத்தக முதுகுக்குள் மயிரிழை மாதிரி ஒரு காந்தக் கம்பி, சில நூறு ஹெர்ட்ஸ். அந்த வகையில் மட்டும் சாதாரண இரும்புச் சாமான் சில சமயம் குழப்பம் செய்யும். என் மகளின் ஸ்பைரல் நோட்டுக்கே கத்தியிருக்கிறது. அங்கே துப்பாக்கிக்குக் கத்தினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

2023 நவம்பர் 11

விஷயத்தை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் மதுரையிலிருந்து வந்திருக்கிறார். நேற்று கடைக்கு அழைத்துப் போனேன். வாசல் தூண்களைப் பார்த்ததும் நின்றார். பாக்கெட்டிலிருந்து சாவி, கண்ணாடிக்கூடு, சில்லறை எல்லாம் எடுத்து அங்கே இருந்த ஷாப்பிங் கூடையில் போட்டார். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு தடவிப் பார்க்க வரும் ஆளுக்காகக் காத்திருந்தார். மீனாட்சியம்மன் கோயில் வாசலிலும் சென்னை மாலிலும் பழகிய உடம்பு. உள்ளே வருபவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

"மாமா, இது உள்ளே வர்றவங்களுக்கு இல்ல, வெளியே போறவங்களுக்கு" என்றேன். அவர் சட்டென்று என் இடுப்பைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அப்ப அதோட நீங்க உள்ள வர்றது யாருக்குமே தெரியாதா மாப்பிள்ளை?" என்றார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு கடை முழுக்க என்னிடமிருந்து நான்கடி தள்ளியே நடந்தார். முப்பத்தெட்டு வருடம் அரசு வேலை பார்த்த மனிதர். துப்பாக்கி என்றால் அவருக்குக் கருவூலக் காவலர் தோளில் இருப்பதுதான்.

உண்மையில் அந்தக் கோயில் வாசல் சட்டகமும் துடிப்பு அனுப்பிக் காது கொடுப்பதுதான். ஆனால் அது கேட்பது எந்த உலோகத்திலும் ஒரு கணம் ஓடி அடங்கும் சுழல் மின்னோட்டத்தை. அது எல்லா உலோகத்துக்கும் பொது. இங்கே கேட்பது ஒரே ஒரு சுருதியை.

அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. இரண்டு தூணுக்கு நடுவில் கையை விரித்து நின்றாரே என்று எனக்குத்தான் பக்கென்றது. இதில் மருத்துவர்கள் சொல்வது எளிமையானது. சாதாரணமாக நடந்து கடந்து போகலாம், அங்கேயே நிற்கக்கூடாது, தூணில் சாயக்கூடாது.

2023 நவம்பர் 25

பிளாக் ஃப்ரைடே, அதாவது இங்கே கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும் நாள், முடிந்தது. வழக்கம்போல அலாரக் கதைகள் வந்து குவிந்திருக்கின்றன. ஒருவர் அலாரம் அடித்ததும் சட்டையைத் தூக்கி "இதுதான் காரணம்" என்று காட்டினாராம், உதவி செய்வதாக நினைத்து. ஐயா, தயவுசெய்து வேண்டாம். கூட்டமான கடை, அலாரம் அலறுகிறது, ஒருவன் இடுப்பிலிருந்து சட்டையைத் தூக்குகிறான். பார்ப்பவன் கண்ணில் இது எப்படி இருக்கும்? அதுவும் நம் நிறத்தில் ஒருவன்.

என் வழி இது. நின்றுவிடுவேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ரசீது, இரண்டும் நெஞ்சு உயரத்தில். கை இடுப்புக்குக் கீழே போகாது. ஊழியர் வந்தால் ரசீதும் பையும் அவருக்கு. டெக்சஸ் சட்டப்படி, திருடியதாக நியாயமான சந்தேகம் இருந்தால் கடைக்காரர் நியாயமான முறையில், நியாயமான நேரம் நிறுத்தி வைத்து விசாரிக்கலாம். ஜார்ஜியா, ஃபுளோரிடா சட்டங்களில், கேட் பற்றி அறிவிப்பு வைத்திருந்தால் அலாரம் அடித்ததே போதுமான காரணம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வீறாப்பாக நடந்து போவதில் லாபமில்லை. நிலைமை முற்றித் தடவிப் பார்க்க வருகிறார் என்றால், அதற்கு முன்பே, கையை அசைக்காமல், வாயால் சொல்லிவிட வேண்டும். போலீஸ் வந்து அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்தே நீட்டுங்கள்.

எச்-1பி நண்பர் ஒருவர், "2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் லைசென்ஸே வேண்டாமே, நானும் வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்கிறார். கூடாது. மாநிலம் விட்டாலும் மத்திய சட்டம் விடாது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதே குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பிப் பச்சை அட்டைக் கோப்பைப் பணயம் வைக்க வேண்டுமா? வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

2023 டிசம்பர் 2

கிடைத்துவிட்டது!

கேள்வி கேட்ட தம்பி (வயது 29-ஆம், இனி தம்பிதான்) நேற்று போன் செய்தார். எதேச்சையாகக் கேட்டேன்: "காலி ஹோல்ஸ்டரோடு போனீங்களே, அன்னைக்கு என்ன சட்டை?" டி-ஷர்ட், உள்ளே செருகி. "துப்பாக்கி இருக்கற நாள்ல?" அது வெளியே தெரியக்கூடாதே என்று ஒரு தொளதொளச் சட்டை. எப்போதும் அதே சட்டை. இரண்டு பக்கமும் ஐந்து நொடி மௌனம்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டையைத் திருப்பினார். பக்கத் தையலில், துவைக்கும் குறிப்பு எழுதிய துணிக்குப் பின்னால், இன்னொரு சின்ன வெள்ளைத் துணிப்பை. மேலே கத்தரிக்கோல் படம் வேறு போட்டிருக்கிறது, அணியும் முன் வெட்டிவிடு என்று. உள்ளே அலுமினியச் சுருள்.

சட்டை எங்கே வாங்கியது என்றால், போன ஜூலையில் ஊருக்குப் போனபோது திருப்பூர் காதர்பேட்டையில். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். வெளிநாட்டுக் கடை கேட்டபடி தொழிற்சாலையிலேயே டேக்கோடு தைத்தது, ஏதோ குறையென்று கழித்துவிட, உள்ளூர்ச் சந்தைக்கு வந்திருக்கிறது. அங்கே எந்தக் கடையில் கேட் இருக்கிறது, எந்தக் கவுண்டரில் அதை அணைப்பார்கள்? உயிரோடு விமானம் ஏறி டெக்சஸ் வந்து, இங்கே துப்பாக்கியை மறைக்கும் வேலைக்குப் போயிருக்கிறது.

முதல் நாள் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது: துணிக்கடையில் கத்துகிறது, ஹார்டுவேர் கடையில் கத்தவில்லை. துப்பாக்கி இரண்டுக்கும் ஒன்றுதான், கேட்தான் வேறு. "ஒரு வகை டேக் இன்னொரு வகை கேட்டுக்குக் கண்ணில் படாது, நினைவில் வையுங்கள்" என்று அவருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மறந்துவிட்டேன்.

2023 டிசம்பர் 2, பின்குறிப்பு

கோயம்புத்தூர்க்காரன் நான். காதர்பேட்டைச் சட்டை என் அலமாரியிலும் ஆறு இருக்கிறது. நான்கில் அந்தப் பை இல்லை. இரண்டில் இருந்தது.

2023 டிசம்பர் 9

தம்பி டேக்கை வெட்டிவிட்டு அதே சட்டை, அதே துப்பாக்கியோடு அந்தத் துணிக்கடை உட்பட நான்கு கடை சுற்றிவிட்டார். சத்தமில்லை. வெட்டும்போது பக்கத் தையலையும் சேர்த்து நறுக்கிவிட்டாராம், இப்போது கை தூக்கினால் ஓட்டை வழியே ஹோல்ஸ்டர் தெரிகிறது. வேறு சட்டை வாங்கத் துணிக்கடைக்குத்தான் போக வேண்டும்.